சத்தம் போடாத கேமரா

எங்கள் கடலோர ஊரான பெல்லர்ட் பேயில் புதுக் கேமரா வாங்குகிறவர்கள் அதைத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்துத்தான் கொண்டுவருவார்கள். எல்லாம் கிரேமுக்குப் பயந்துதான்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, ஊர் மன்றத்தின் பின்னறையில் கேமரா சங்கம் கூடும். பதினெட்டுப் பேர் வந்தால் பெரிய கூட்டம். யாராவது புதுப் பெட்டியோடு உள்ளே நுழைந்தால் போதும், கிரேம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்துவிடுவார். "கேமரா வாங்கியாச்சு, சரி. கண்ணு எப்போ வாங்கப் போறே?" எல்லோரும் சிரிப்பார்கள். வாங்கினவரும் சிரித்துத்தான் ஆகவேண்டும்.

அவருடைய கேமராவுக்கு வயது இருபது. ஆறு மெகாபிக்ஸல். பிடியில் இருந்த ரப்பர் உரிந்துபோய் கருப்பு டேப் சுற்றியிருந்தார். அந்த டேப்பைப் பற்றி மனுஷனுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. போட்டிக்கு வைக்கும் படத்தோடு ஒரு சீட்டு இருக்க வேண்டும், எந்தக் கேமரா, என்ன ஷட்டர் வேகம் என்று எடுத்தவரே எழுந்து நின்று வாசிக்க வேண்டும் என்று எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. அதைக் கொண்டுவந்ததே கிரேம்தான். எதற்கு? தன் பழைய கேமராவின் பெயரை ஊரறியச் சத்தமாக வாசிக்கத்தான். வேறெதற்கு?

இப்படிப்பட்டவர்தான் ஜனவரி மாதம் புதுக் கேமரா வாங்கினார்.

மனைவி நோலீனுக்குச் செருப்பு வாங்கப் பக்கத்து நகரமான லான்செஸ்டனுக்குப் போனவர், சும்மா பார்க்கிற பாவனையில் ஒரு கடைக்குள் நுழைந்தார். கடைக்காரி ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள். மேசைக்கு அடியில், இருட்டில், ஒரு நாய் படுத்திருந்தது. அதைக் குறிபார்த்து அமுக்கினார். சத்தமே இல்லை.

"எடுத்துச்சா, இல்லியா?"

"எடுத்துச்சு. நாலு எடுத்துச்சு," என்றாள் அவள்.

நாயின் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. கிரேமுக்கு ஒரு வருஷமாகக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பழைய கேமராவில் எடுத்ததில் பத்துக்கு எட்டு அசைந்துபோய்க் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தன. இந்தக் கேமரா அந்த நடுக்கத்தை விழுங்கிவிட்டது. கடைக்குள் நின்றபடியே அவருக்குக் கண் கலங்கிப்போனது. அப்போதே கார்டைத் தேய்த்து வாங்கிவிட்டார்.

வாங்கியதில் என்ன தப்பு? ஒன்றும் தப்பில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து, "யப்பா, நானும் விழுந்துட்டேன்," என்று சொல்லியிருந்தால் ஒரு மாதம் கிண்டல் செய்திருப்போம், அதோடு முடிந்திருக்கும். சொன்னால் வாய்முத்து உதிர்ந்துவிடுமா? மனுஷன் சொல்லவில்லை. புதுக் கேமராவின் பெயர் தெரியாதபடி கருப்பு டேப் ஒட்டி, வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

"வப்பாட்டியை வெச்சிருக்கற மாதிரி வெச்சிருக்கே," என்றாள் நோலீன்.

"நேரம் பாத்து சொல்லுவேன்."

"நீ சொல்லிக் கிழிச்சே."

மார்ச் கூட்டத்துக்கு கெரின் ஒரு கேள்வியோடு வந்தாள். பள்ளிக்கூட கேன்டீனை நடத்துகிறவள், ஐம்பத்து நாலு வயது, சங்கத்தில் சேர்ந்து மூன்று வருஷம். கிரேமின் பேச்சைக் கேட்டுக் கேட்டு, அவர் வைத்திருந்த அதே மாடலைத் தேடிப்பிடித்துப் பழையதாக வாங்கியிருந்தாள்.

"அப்பா இந்த வருஷம் ஆன்சாக் அன்னிக்கு வரேன்னுட்டாரு," என்றாள்.

எங்கள் எல்லோருக்குமே அது பெரிய செய்தி. அவளுடைய அப்பா ரெக்ஸ் வியட்நாம் போருக்குப் போய்வந்தவர். திரும்பி வந்தபோது ஊர் நடந்துகொண்ட விதத்தை அவர் மன்னிக்கவே இல்லை. போரில் இறந்தவர்களை நினைக்கிற ஆன்சாக் நாளில், ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி விடியற்காலையில், ஊரே நினைவுத்தூணுக்கு முன்னால் போய் நிற்கும்போது, ரெக்ஸ் வீம்புக்கென்றே புல்வெட்டும் மெஷினை எடுத்து ஓட்டுவார். ஐம்பது வருஷமாக ஓட்டினார். அந்தத் தூணில் காலின் என்று ஒரு பெயர் இருக்கிறது. ஒரே தெரு, ஒரே நாளில் கட்டாய ராணுவச் சேவைக்குச் சீட்டு விழுந்து ரெண்டு பேரும் போனார்கள். ஒருவர்தான் வந்தார்.

"நுரையீரல் ரொம்ப மோசம். அடுத்த ஏப்ரல் இருப்பாரான்னு டாக்டர் சொல்லல," என்றாள் கெரின். "ஒரு தடவைதான். ஒழுங்கா ஒரு படம் வேணும் எனக்கு. இந்தக் கேமரா போதுமா, புதுசு வாங்கிடட்டுமா? காசு சேத்து வெச்சிருக்கேன்."

"வாங்கு," என்றார் பெர்னி. கப்பலில் எஞ்சின் பார்த்தவர், எழுபது வயது, எதையும் பட்டென்று சொல்லிவிடுவார். "அஞ்சரை மணிக்குக் கும்மிருட்டு. அங்கே ஃபிளாஷ் போட்டா அடிக்க வருவாங்க. இந்தக் கிழட்டுக் கேமராவை வெச்சு என்னத்த எடுப்பே?"

எல்லோருடைய கண்ணும் கிரேம் பக்கம் திரும்பியது. கெரினுடைய கண்ணும்தான். வாங்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இருபது வருஷத்துப் பேச்சு அந்த வாயில் உட்கார்ந்திருந்ததே, அது முந்திக்கொண்டது.

"இருட்டுன்னா என்ன? இருபது வருஷமா ஆன்சாக் அன்னிக்கு நான் இதைத்தானே தூக்கிட்டுப் போறேன்? மூச்சை அடக்கிட்டு அமுக்கு, வரும். சும்மா காசைக் கரியாக்காதே."

போனார் என்பது உண்மை. விடிந்தபிறகு நடக்கிற அணிவகுப்பையும், ரம் ஊற்றின காபியோடு நிற்கிற கிழவர்களையும்தான் எடுத்தார் என்பதும் உண்மை. இருட்டில் ஒன்றுகூட உருப்படியாக வந்ததில்லை. அதை அவர் சொல்லவில்லை. இதைப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், வழியில் ரகசியமாக எடுத்துப் பார்க்கக் கொண்டுவந்த புதுக் கேமரா வெளியே, அவருடைய வண்டியின் பின்சீட்டில் இருந்தது.

"நீ சொன்னா சரி," என்றாள் கெரின். வீட்டுக்குப் போகிற வழியில் கிரேம் பின்சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நாளைக்கு அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மறுநாளும் நினைத்தார்.

ஆன்சாக் அன்று காலை குளிர் எலும்புக்குள் இறங்கியது. நினைவுத்தூணைச் சுற்றி முந்நூறு பேர், கோட்டில் குத்தின ரோஸ்மேரிக் கொத்தோடு, பேச்சுமூச்சில்லாமல் நின்றார்கள். தூணின் அடியில் ஒரே ஒரு சின்ன விளக்கு. ரெக்ஸ் மகளின் கையை உதறிவிட்டுத் தானே நடந்துபோய் மலர்வளையத்தை வைத்தார். ஊதுகொம்பு ஊதி முடிந்தது. ஒரு நிமிஷ மௌனம் தொடங்கியது.

அந்த ஒரு நிமிஷத்தில் யாரும் அசையக் கூடாது. கைக்குழந்தை அழுதால்கூடத் தாய் துடித்துப்போவாள். அப்பேர்ப்பட்ட மௌனத்தில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒன்றை ரெக்ஸ் செய்தார். ரெண்டு அடி முன்னால் போய், தொப்பியைக் கழற்றிவிட்டு, காலினுடைய பெயர் மேல் கையை வைத்தார்.

கெரின் மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்கினாள். 'டப்' என்றது அவள் கேமரா. பழைய கேமராவுக்குள் கண்ணாடி ஒன்று மேலே போய்க் கீழே விழும். சாதாரண நேரத்தில் அது ஒரு சத்தமே இல்லை. அந்த மௌனத்தில் கதவை அறைந்த மாதிரி இருந்தது. முன்வரிசையில் மெடல் குத்தின கிழவர் ஒருவர் திரும்பி, "மானம் வேணாம்?" என்று பல்லைக் கடித்தார். கெரின் கேமராவைக் கீழே இறக்கினாள், தலையையும் இறக்கினாள். மௌனம் முடியும்வரை நிமிரவே இல்லை.

பத்தடி தள்ளி, கோட்டுக்குள் பாதி மறைத்தபடி, கிரேமின் புதுக் கேமரா எடுத்துக்கொண்டே இருந்தது. ஒரு சத்தம் இல்லை. நாற்பத்தோரு படம்.

கூட்டம் கலைந்ததும் கெரின் தேடிக்கொண்டு வந்தாள். தன் கேமராவின் திரையைக் காட்டினாள். கரிப்புகை மாதிரி ஏதோ ஒன்று, அதில் கை எது, கல் எது என்றுகூடத் தெரியவில்லை.

"உனக்கு ஏதாவது வந்துச்சா, கிரேம்?"

"எனக்கும் இருட்டுதான்," என்றார் கிரேம்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவரையே கேட்டால் அவருக்கே தெரியாது. அந்த இடத்தில் உண்மையைச் சொன்னால், மார்ச்சில் சொல்லாத உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெர்னி நாலடியில் நின்றுகொண்டிருந்தார்.

ஜூன் நடுவில் ரெக்ஸ் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து, படைவீரர் சங்கக் கூடத்தில், சாண்ட்விச் தட்டுகளுக்கு நடுவே, கெரின் வந்து கிரேமின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாப் படமும் இருக்கு. அந்த ஒண்ணுதான் இல்ல," என்று மட்டும் சொன்னாள். குறை சொல்லவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நான் வீட்ல ஒரு தடவை நல்லாத் தேடிப் பாக்கறேன்," என்றார் கிரேம்.

மறுநாள் மத்தியானம் ஷெட்டுக்குள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நோலீன் வாசலில் வந்து நின்றாள்.

"மொத்தத்தையும் குடுத்துடு. நடந்ததைச் சொல்லிடு."

"குடுக்கறேன். ஆனா…"

"என்ன ஆனா? அந்தப் பொண்ணு அப்பனைப் புதைச்சிட்டு வந்திருக்கா, உனக்கு ஆனாவாம்!"

அவள் போனபிறகு, ரெக்ஸின் முதுகும் கல்லின் மேல் வைத்த கையும் மட்டும் தெரிகிற படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மற்ற நாற்பதும் ஆகாது, அவற்றைப் பார்த்தால் பழைய கேமரா என்று ஒரு பயல் நம்ப மாட்டான். தேர்ந்தெடுத்ததையும் விடவில்லை. அளவைக் குறைத்தார், இருட்டைக் கூட்டினார், புள்ளி புள்ளியாகக் கொஞ்சம் அழுக்கைச் சேர்த்தார். எந்தக் கேமராவில் எடுத்தது என்று படத்துக்குள்ளேயே ஒரு விவரம் ஒளிந்திருக்கும், அதையும் அழித்தார். இருபது வருஷமாக நல்ல படம் எடுக்கப் பாடுபட்டவர், ஒரு நல்ல படத்தைக் கெடுக்க மூன்று மணிநேரம் செலவழித்தார். முடித்தபோது தன் கையையே அவருக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுத்ததும் கெரின் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இதுலயா எடுத்தே?" என்று அவர் தோளில் தொங்கிய பழைய பையைத் தொட்டாள்.

"வேற எதுல?" என்றார் கிரேம்.

ஜூலை கூட்டத்துக்கு அந்தப் படத்தை அவளே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். போட்டிப் பலகையில் வைத்து, "எடுத்தவர் கிரேம்" என்று எழுதியும் விட்டாள். விதி விதிதானே? அந்த விதியைக் கொண்டுவந்தவர் எழுந்து நின்று சீட்டை வாசிக்க வேண்டியதாயிற்று.

"கேமரா, பழைய ஆறு மெகாபிக்ஸல்," என்று வாசித்தார். "வேகம், ஒரு நொடியில பதினைஞ்சுல ஒரு பங்கு. ஸ்டாண்டு இல்லாம, கையில புடிச்சு."

"பதினைஞ்சுல ஒண்ணா? அவ்வளவு மெதுவாவா? அதுவும் கையில புடிச்சா?" பெர்னி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "யோவ், நீ மனுஷனா, சிமென்ட் தூணா? மார்ச்சுல நான் வாங்கு வாங்குன்னு கத்தினேனே, அதை அப்படியே வாபஸ் வாங்கிக்கறேன்யா!"

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. கிரேமுக்குக் காது ரெண்டும் எரிந்தன. டீ கெட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற நோலீன் மட்டும் தட்டவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெரின் எழுந்து, பையிலிருந்து தன் கேமராவை எடுத்தாள். வேண்டாத சாமானை யாருக்காவது கொடுத்துவிடுவதற்கென்று ஒரு மேசை அந்த அறையில் உண்டு. அதன் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

"யாருக்கு வேணுமோ எடுத்துக்கங்க," என்றாள். "கேமரா மேல குத்தமில்ல. கிரேமோடதும் இதுதான், என்னோடதும் இதுதான். பத்தடிதான் தள்ளி நின்னேன். எனக்கு எடுக்கத் தெரியல, அவ்வளவுதான்."

"ஏய், அதெல்லாம் இல்ல," என்று ரெண்டு மூன்று பேர் சொன்னார்கள்.

"தெரியலன்னாலும் பரவால்ல. சும்மா நின்னிருக்கலாம். ஐம்பது வருஷம் கழிச்சு அந்த மனுஷன் கூட்டாளி பேர்ல கை வெச்சாரு. நான் 'டப்'புன்னு அமுக்கினேன், கையை எடுத்துட்டாரு. வீட்டுக்கு வர்ற வழி பூரா ஒரு வார்த்தை பேசல. கோவம். இருக்காதா பின்னே? அதைப் பத்தி அவர் கிட்ட பேசவே எனக்குப் பயமாயிருந்துச்சு. அப்படியே போயிட்டாரு."

கடைசியில் பெர்னிதான், பாவம், பேச்சை மாற்றுகிற நினைப்பில் கேட்டார். "அன்னிக்கு நான் பின்னாடிதான் நின்னேன். ஒரு 'டப்'புதானே கேட்டுச்சு? அப்போ கிரேமோடது எங்கே போச்சு?"

கிரேமின் முகத்தில் ஈ ஆடவில்லை. ஒளிந்திருந்த விவரத்தையெல்லாம் தேடித்தேடி அழித்தவருக்கு, இந்தச் சத்தம் ஒன்று இருந்தது தோன்றவே இல்லை.

"என்னோடதோட சேர்ந்தே விழுந்திருக்கும்," என்றாள் கெரின். "நான் அமுக்கற சமயம் பாத்து அமுக்கியிருப்பான். அவனுக்குத் தெரியாதா எப்போ அமுக்கணும்னு?"

எல்லோரும் தலையாட்டினார்கள். தப்பித்தாயிற்று. அவளே கதவைத் திறந்துவிட்டிருந்தாள், நுழைந்து போய்விட வேண்டியதுதான் பாக்கி. கிரேமுக்கு அந்த நிமிஷம் தன்மேல் வந்த அருவருப்பு ஜென்மத்துக்கும் வந்ததில்லை.

"சேர்ந்து விழல, கெரின்," என்றார். "என்னோடது சத்தமே போடாது. அது புதுசு. அந்தப் படம் என் பழைய கேமராவுல எடுத்ததே இல்ல."

"புதுசா? எப்போ வாங்கினே?"

"ஜனவரில."

அவள் மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "மார்ச்சுல நான் உன்னைக் கேட்டேனே?"

"ஆமா."

"அப்போ அது எங்கே இருந்துச்சு?"

"வெளியில. வண்டில."

பெர்னி குனிந்து தன் ஷூ லேஸைப் பார்க்க ஆரம்பித்தார். யாராவது ரெண்டு வார்த்தை கிழிகிழியென்று கிழித்தால் நன்றாக இருக்கும் என்று கிரேமுக்கு இருந்தது. ஒருவரும் கிழிக்கவில்லை.

"மிச்சத்தையும் சொல்லு," என்றாள் நோலீன் பின்னாலிருந்து.

"நாப்பத்தோரு படம் இருக்கு," என்றார் கிரேம். "உனக்கு ஒண்ணுதான் குடுத்தேன். மிச்சத்துல முகம் தெரியுது."

"அப்பா முகமா?"

"ரொம்பத் தெளிவாத் தெரியுது. பழைய கேமராவுல அப்படி வராது. யாராவது பாத்தா கண்டுபுடிச்சிருவாங்க. அதனால முதுகு தெரியறதை மட்டும்…"

வண்டிக்குப் போனார். புதுக் கேமராவை எடுத்துக்கொண்டு திரும்பிவந்தபோது எல்லோரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர் கை நடுங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். மறைக்கவில்லை. பட்டனை அமுக்கி அமுக்கி, ஒரு படத்தில் நிறுத்தி, அவள் கையில் கொடுத்தார். கோபம் என்று அவள் சொன்ன நிமிஷத்திலிருந்தே அந்தப் படம்தான் அவர் கண்முன் நின்றது.

கையைக் கல்லிலிருந்து எடுத்துவிட்டு ரெக்ஸ் திரும்பியிருந்தார். கன்னம் ரெண்டும் நனைந்திருந்தன. சத்தம் வந்த திக்கைப் பார்த்து, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது எப்போ?" என்றாள் கெரின்.

"நீ அமுக்கின அடுத்த நொடி."

"என்னைப் பாத்தா சிரிக்கறாரு?"

"உன்னைத்தான். நீ தலையைக் குனிஞ்சுட்டே."

அவள் பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். திரை அணைந்துபோனது. தட்டி எழுப்பி மறுபடி பார்த்தாள். மறுபடி அணைந்தது, மறுபடி பார்த்தாள். கிரேம் எதிரில் நின்றார், உட்காரத் தோன்றவில்லை.

"அதுக்கப்புறம் ஏழு வாரம் உயிரோட இருந்தாரு, கிரேம்," என்றாள் நிமிராமலேயே. குரல் உயரவில்லை. "கோவமாப்பான்னு நான் கேட்டிருப்பேன். உக்காந்து ரெண்டு பேரும் சேந்து பாத்திருப்போம். ஏழு வாரமும் இது உன் ஷெட்டுலயா இருந்துச்சு?"

"ஆமா," என்றார் கிரேம்.